தூக்கிப் போட வசதியா ஒரு ரோபோ

நல்லாத்தான் இருக்குது கண்ணு. குறையே சொல்ல முடியாது. மேல செவப்புப் பெயிண்ட்டு, பக்கத்துல நீல வெளக்கு, நெத்தியில பல்லக் காட்டற சிங்கத்து ஸ்டிக்கரு. தலைமேல சுத்தறதுக்கு அரை மீட்டர் நீளத்துல பிளேடு. உங்கம்மாகிட்ட வாங்குன காசெல்லாம் எங்க போச்சுன்னு இப்பத்தான் தெரியுது. அதுலயும் நாலு பக்கமும் அடியில கட்டை வெரல் போற அளவுக்குச் சந்து உட்டிருக்கறே பாரு, அதுதான் எனக்கு நெம்பப் புடிச்சுது. எதிராளிக்கு ஒரு சிரமமும் குடுக்கக் கூடாதுங்கற மனசு எத்தன பேருக்கு வரும்? தூக்கிப் போட இத்தன வசதியா ஒரு ரோபோவ நான் பாத்ததே இல்ல.

அரையிறுதியில ஃபிளிப்பரு, அதான் எதிராளியத் தூக்கிப் போடற ரோபோ, வந்து வாச்சிருக்குதாமா உனக்கு. “அதுக்கு ஆயுதமே கெடையாதுங்க அப்பிச்சி, ஒரு தகட்ட முன்னால நீட்டிக்கிட்டு வருது, அவ்வளவுதான்”னு சிரிக்கறே. சிரி சாமி, சிரிக்கற வயசு. நான் பம்பு செட்டுக்கு ஷாஃப்ட்டு கடைஞ்சு காலந்தள்ளுன ஆளு, ரோபோவப் பத்தி எனக்கென்ன தெரியும்? நீ யூடியூபு பாக்கக் கத்துக் குடுத்த புண்ணியத்துல மத்தியானத் தூக்கத்த உட்டுப்போட்டு, இங்கிலாந்துக்காரனும் அமெரிக்காக்காரனும் ரோபோவ மோத உட்டதெல்லாம் பாத்து வெச்சிருக்கறேன். அந்த ஒரு தைரியத்துலதான் வாயத் தொறக்கறேன்.

மொதல்ல கணக்கு. உன்ற பிளேடு 3 கிலோ. நிமிசத்துக்கு 3,000 சுத்து சுத்துதுன்னு ஊரெல்லாம் பெருமை பேசிட்டிருக்கறே. வாஸ்தவம்தான். அந்த வேகத்துல அதுக்குள்ள ஏறத்தாழ 3,000 ஜூல் சக்தி இருக்கும். பட்டா படுகாயம். இப்ப எதிராளி கணக்கப் பாரு. 15 கிலோ ரோபோவ ஒரு மீட்டர் ஒசரத்துக்குத் தூக்க எத்தன வேணும்? 147 ஜூல். உன்னோடதுல இருவதுல ஒரு பங்கு கூட இல்ல. ஆனா அந்தத் துளியூண்டு, உன்ற மூவாயிரத்தையும் செல்லாக்காசாக்கிப்போடும். ஏன்னா உன்ற சக்தி வேலை செய்யோணும்னா சக்கரம் தரையில இருக்கோணும். நாலு சக்கரமும் மேல பாத்துக்கிட்டு, பிளேடு தரையில ஒரசித் துள்ளித் துள்ளி சொந்த மோட்டாரத் தானே கருக்கிக்கிட்டுக் கெடந்தா, நடுவரு பத்து எண்ணுவாரு. நீயும் கூடச் சேந்து எண்ணலாம். வேற சோலி என்ன இருக்குது?

தூக்கிப் போடறது ஏதோ சின்னப் பசங்க ராங்குன்னு நெனச்சுக்காத. பரம்பரை உள்ள வித்தை அது. சான் பிரான்சிஸ்கோவுல 1994-ல மார்க் தோர்ப்புங்கறவரு இந்தப் போட்டியத் தொடங்கி வெச்சாரு. 1998-ல ‘ரோபோ வார்ஸ்’னு பிபிசி டிவியில வந்துச்சு. அதுல ஜார்ஜ் பிரான்சிஸ் கட்டுன கேயாஸ் 2-ங்கற ஃபிளிப்பரு மூணாவது தொடர்லயும் நாலாவது தொடர்லயும் பட்டத்தத் தட்டிட்டுப் போச்சு. எதிராளியத் தூக்கி அரங்கத்துக்கு வெளியவே கடாசற பழக்கத்த அங்க ஆரம்பிச்சு வெச்சதே அதுதான். மூணாவது தொடரு கடைசிச் சண்டையில அதுக்கு எதுருல நின்னது ஆரு தெரியுமா? ஹிப்னோ-டிஸ்க். உன்னாட்டமே சுத்தற ஆளு. எதிராளிகளப் பிச்சுப் பிச்சுப் போட்டுட்டு வந்த ஆளு. பட்டம் தூக்கிப் போட்டவனுக்குத்தான் போச்சு.

அமெரிக்காவுல 113 கிலோ வரைக்கும் எடை போடலாங்கற பிரிவுல, 2015-ல பிராங்கோன்னு ஒண்ணு ஸ்டிங்கருங்கற ரோபோவச் சுவரு தாண்டி வீசுச்சு. 2016-ல இங்கிலாந்து இறுதியில அப்பல்லோங்கற ஃபிளிப்பரு, கார்பைடுங்கற பிளேடுக்காரனத் தோக்கடிச்சுது. “பாத்தீங்களா, பிளேடு ஜெயிக்கவே ஜெயிக்காதுங்கறீங்க”ன்னு மூஞ்சியத் தூக்காத. 2017-ல அதே கார்பைடு, எரப்ஷன்ங்கற ஃபிளிப்பர ஜெயிச்சுப் பட்டம் வாங்குச்சு. அடுத்த தொடர்ல அதே ரெண்டும் மறுபடி இறுதியில மோதுச்சு, அந்தத் தடவ எரப்ஷன் ஜெயிச்சுது. ஆக, பிளேடு பெருசா தகடு பெருசாங்கற பழமைய உட்டுப்போட்டு, அன்னிக்கி ஆரு ரோசனை பண்ணிட்டு வந்தாங்கங்கறதப் பாரு. உனக்குத்தான் அதெல்லாம் தேவையில்லையே, சிங்கத்து ஸ்டிக்கரு இருக்குது. இருந்தாலும் கெழவன் சொல்றதச் சித்தே கேட்டு வையி.

ஃபிளிப்பருக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. தன்ற தகட்டு விளிம்பு உனக்கு அடியில போகோணும். போயிருச்சுன்னா மீதியக் காத்து பாத்துக்கும். போகலைன்னா அது வெறும் தள்ளுவண்டி. அதனால சண்டை நடக்கற எடம் மேல இல்ல, தரையில. ஒரு வெள்ளைத்தாள எடு. எல்லாரும் தூங்குனதுக்கப்பறம், ஆருக்கும் தெரியாம, ரோபோவச் சமமான தரையில வெச்சு நாலு பக்கமும் அந்தத் தாள அடியில உட்டுப்பாரு. தாளு போற எடமெல்லாம் ஃபிளிப்பரு தகடும் போகும். உன்னோடதுல தாளு என்ன, அரிச்சுவடிப் புஸ்தகமே போகுது.

இதுக்கு வைத்தியம் புதுசில்ல. கார்லோ பெர்ட்டோச்சினி கட்டுன பயோஹசார்டுன்னு ஒரு ரோபோ. ஒசரமே ஒரு சாணுக்கும் கம்மி. சுத்தி நாலு பக்கமும் கீலு போட்ட தகட்டுப் பாவாடை, தரைய ஒட்டித் தொங்கும். எந்தப் பக்கம் வந்தாலும் நொழைய எடமில்ல. பேட்டில்பாட்ஸ் போட்டியில நாலு தடவ பட்டம் வாங்குச்சு. நீயும் பக்கவாட்டுல கீலு போட்டுத் தகடு தொங்க உடு. இரும்புக்கு எடையில எடமில்லைன்னா கெட்டியான பிளாஸ்டிக்குத் தகடு போதும். முன்னால அகலத் தகடு வேண்டாம். ஒல்லியா, கூரா, தனித்தனியா மடங்கற மாதிரி ரெண்டு மூணு நீட்டு முள்ளு வையி. ஏன்னா அகலத் தகடு மேடுபள்ளத்துல ஒரு ஓரம் தூக்கிக்கும். தனித்தனி முள்ளு அதது தன்ற பாட்டுக்குத் தரையத் தொடும். ஆனா உங்க அரங்கத்துத் தரை பலகை ஒட்டுப் போட்டதாச்சே. ஒட்டுல முள்ளு மாட்டுனா ரோபோ நின்ன எடத்துலயே நின்னு எதிராளிக்குக் கும்புடு போடும். அதனால போட்டிக்கு முன்ன தரைய நடந்து பாரு. எந்த ஒட்டு எச்சாத் தூக்கியிருக்குதுன்னு மனசுல வெச்சுக்க. அந்தப் பக்கம் நீ வெசையா போகாத. அவன அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போ.

இத்தன பண்ணியும் தூக்கத்தான் போறான். வெசனப்படாத. “விழாம இருக்கறதுக்குத் திட்டம் போட்டிருக்கறேன்”னு நீ சொன்னப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. விழறதுக்குத் திட்டம் போட்டயா? அங்கதான சோலியே இருக்குது. ஒடம்பவிட ஒசரமான சக்கரம் மாட்டுனா மல்லாந்தாலும் ஓடலாம். உன்றது பிளேடு மேல இருக்கற சாதி. அதுக்குச் சக்கரம் மட்டும் பத்தாது, கவுந்தா நிமுத்தி உடறதுக்கு வளைஞ்ச கம்பியோ கையோ வேணும். பின்பக்கத்த வேற சுவராட்டம் தட்டையா வெச்சிருக்கறே. தூக்கி எறிஞ்சா ரோபோ பின்பக்கத்துல குத்த வெச்சு ஒக்காந்துக்கும். முன்னாலயும் போகாது, பின்னாலயும் சாயாது. அதுவும் சுவத்தோரம்னா ஒக்காந்தது ஒக்காந்ததுதான். பின்னால ஒரு சாண் நீளத்துக்குக் கம்பி நீட்டி வையி, நிக்க முடியாம உருண்டுரும். உருண்டா பொழச்சே.

அப்பறம், தலைகீழா ஓட்டிப் பழகியிருக்கறயா? சக்கரம் ஒசரமா மாட்டுனவனுக்கெல்லாம் இது ஒரு பாடம். மல்லாந்த ரோபோவ முன்னால தள்ளுனா பின்னால போகும். திருப்பம் மட்டும் பழையபடியே இருக்கும். எல்லாமே மாறியிருந்தாக்கூட மூளை சமாளிச்சுக்கும். பாதி மாறி பாதி மாறாம இருந்தா கை குழம்பும். கூட்டம் கத்தற நேரத்துல அந்தக் கணக்கப் போடுவயா? ரிமோட்டுல ஒரு சுவிட்சு ஒதுக்கி, கவுந்தா முன்பின் மாத்திக்கறாப்பல வெச்சுக்க. அந்தச் சுவிட்சு எந்த வெரலுக்குன்னு இன்னைக்கே முடிவு பண்ணு. அரங்கத்துல தேடாத.

உள்ளயும் பாப்போம், தொறந்து காட்டு. அடடா, பேட்டரிய ஒரு டேப்புல ஒட்டித் தொங்க உட்டிருக்கறே. ஒரு மீட்டர் மேல போனது கீழ வரும்போது மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்துல தரையில மோதும். வெளியில ஒரு கீறல் இருக்காது. உள்ள ரிசீவர் பின்னு கழண்டு, பேட்டரி முட்டி, கரண்டுத் தொடுப்பு உருவிக்கிட்டு, ரோபோ செத்துப் போயிருக்கும். ஃபிளிப்பர்கிட்டத் தோத்தவன்ல பல பேரு தூக்கித் தோக்கல, எறங்கித்தான் தோத்தான். பேட்டரிக்குச் சுத்தியும் ஸ்பாஞ்சு வெச்சு இறுக்கு. ரிசீவரையும் ஸ்பாஞ்சுல சுத்து. ஒவ்வொரு பின்னுக்கும் பசை வையி, ஒயர இழுவை இல்லாமத் தளர உட்டுக் கட்டு. வெளிய மாட்டற கரண்டுத் தொடுப்பு தெறிக்காத மாதிரி ஒரு மூடி போடு, ஆனா சண்டை முடிஞ்சதும் ஒரே வெரல்ல உருவற மாதிரியும் இருக்கோணும். அப்பறம் இடுப்பளவு ஒசரத்துல தூக்கி மெத்த மேல போட்டுப்பாரு, அடுத்தது பாய் மேல, அடுத்தது தரையில. “அய்யோ பெயிண்ட்டு போயிரும்”ங்கறயா? அப்பச் சரி, பெயிண்ட்டோட தோத்துட்டு வா.

இனி அவன்ற மூச்சப் பாக்கலாம். அவனுக்குப் பலம் காத்து. 50 மில்லிமீட்டர் குறுக்களவு சிலிண்டர்ல 10 பார் அழுத்தம் ஏத்துனா 200 கிலோ விசை. உன்ற 15 கிலோ என்னத்துக்கு ஆகும்? ஆனா காத்துக்கு ஒரு கொணமிருக்குது. செலவு பண்ணப் பண்ணத் தீந்துரும். ஒரு பேச்சுக்கு, அவன் 2 லிட்டர் டேங்க்குல அதே 10 பார அடைச்சிருக்கறான்னு வெச்சுக்க. ஒவ்வொரு ஒதைக்கும் சிலிண்டரு கால் லிட்டருக்குச் சித்த கம்மியாக் குடிக்கும். ஆறாவது ஒதைக்கு அழுத்தம் பாதிக்கு வந்துரும். மொதத் தூக்குல விட்டத்தப் பாத்தவன், ஏழாவது தூக்குல ஒரு அசைவோட எறங்கிருவே. கார்பன் டை ஆக்சைடு வெச்சிருந்தா வேற கதை. இங்கிலாந்துல பெரிய ஃபிளிப்பரு பலதும் அதத்தான் வெச்சிருக்கும், நம்மூருச் சோடாவுல ஏத்தற அதே வாயு. 20 டிகிரியில பாட்டிலுக்குள்ள 57 பார் அழுத்தம். திரவமா இருக்கறது ஆவியாகி வரோணும். அடுத்தடுத்து உட்டா பாட்டிலு சில்லிட்டு அழுத்தம் எறங்கிரும். அவன மூச்சு உட உடாத, தொடந்து சுட வையி.

சுட வெக்கறது எப்படி? சடுகுடு ஆடியிருந்தாத் தெரியும். பாடிட்டுப் போறவன் கையயும் காலயும் நீட்டி நீட்டி இழுப்பான், தொட மாட்டான். புடிக்க வந்தவன் அவசரப்பட்டுப் பாஞ்சான்னா கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருவான். அதையே பண்ணு. அவன் விளிம்புக்கு ஒரு சாண் தள்ளி வரைக்கும் வந்து வெட்டித் திரும்பு. சின்னப் பையன் ஓட்டறான்னா பட்டன அமுக்கிருவான். தகடு மேல தூக்கி நிக்கும். மறுபடி எறங்கி ஒக்கார ஒரு நொடியோ ரெண்டு நொடியோ ஆகும். அந்த நேரத்துல அவனுக்கு முன்பக்கமே கெடையாது. உன்ற நேரம் அதுதான். உங்க கூட்டத்துல நாலு பேரு இருக்கறீங்களே, நாலு பேரும் “அடி, அடி”ன்னு கத்தறதுக்கா? ஒருத்தன் எண்ணட்டும். “மூணு போச்சு, நாலு போச்சு”ன்னு காதுல சொல்லட்டும். ஆறுக்கு அப்பறம் உன்ற பிளேடு பேசட்டும்.

அதுவரைக்கும் பிளேடு சும்மா சுத்தட்டுமா? சுத்தட்டும், ஆனா மணி அடிச்சதும் நேரா முட்டப் போகாத. பிளேடு முழு வேகம் எடுக்கச் சில நொடி வேணும், அது அவனுக்கும் தெரியும். மணி அடிச்சதும் வெசையா வந்து, நீ சூடாகறதுக்குள்ள தூக்கப் பாப்பான். அதனால மொதல்ல ஓடு. “சிங்கம் ஓடுமா அப்பிச்சி”ன்னு கேக்காத, ஸ்டிக்கருக்குக் காலு கெடையாது, உன்ற ரோபோவுக்குச் சக்கரம் இருக்குது. பக்கவாட்டுல வட்டம் போட்டு வேகம் ஏத்திக்க. அப்பறம் அவன்ற சக்கரம் தெரியற பக்கமாப் போ. முன்னால இருக்கறது சாய்வுத் தகடு. அதுல அடிச்சா உன்ற பிளேடு வழுக்கி மேல ஏறும், அவனுக்கு இன்னும் வசதி. சக்கரத்துல ஒண்ணப் பிச்சுட்டா அவன் நேரா வர முடியாது, நேரா வர முடியாத ஃபிளிப்பரு ஆரையும் தூக்காது.

நடு அரங்கத்துல இரு. உங்க அரங்கம் சுத்தியும் பாலிகார்பனேட்டு அடைச்சது, பிராங்கோ வீசுனாப்பல வெளிய வீச முடியாதுன்னு நீ சொல்றது நெசம்தான். ஆனா சுவத்தோரம் போனா அவன் தள்ளற தள்ளுக்கு நீ நகர எடமிருக்காது, தகடு தானா அடியில போயிரும். நடுவுல இருந்தா பாதி நேரம் வழுக்கித் தப்பிச்சுருவே. மூலைக்கு அவன் கூப்புட்டா மரியாதையா மறுத்துரு.

குழி இருந்துச்சுன்னா இன்னொரு சங்கதி. 1998-ல ‘ரோபோ வார்ஸ்’ ரெண்டாவது தொடர்ல ரெக்ஸ் கேரட் கட்டுன காசியஸ்னு ஒரு ரோபோ. கவுந்து கெடந்தது தன்ற தூக்கற கையாலயே தரைய ஒதச்சு நிமுந்துச்சு. அதுவரைக்கும் கவுந்தா கதை முடிஞ்சுதுன்னு இருந்த கூட்டம் வாயப் பொளந்துருச்சு. இறுதியில பேனிக் அட்டாக்குன்னு ஒருத்தன் எதிராளி. காசியசு என்ன பண்ணுச்சு தெரியுமா? தானா ஓடிப்போயி அரங்கத்துக் குழியில விழுந்துச்சு. பட்டம் பேனிக் அட்டாக்குக்கு. எழுந்திரிக்கற வித்தையக் கண்டுபுடிச்சவனுக்கே தரையில இருக்கற குழி தெரியல. உனக்குக் கண்ணு எதிராளி மேலயே இருக்கும். ஒரு பையன் குழியப் பாத்துக்கிட்டே இருக்கட்டும். எண்ணறவன் ஒருத்தன், குழி பாக்கறவன் ஒருத்தன். நாலாவது பையனுக்கு வேண்ணா “அடி, அடி”ன்னு கத்தற உத்தியோகத்தக் குடு.

மூணு நிமிசம் முடிஞ்சு ரெண்டு பேரும் ஓடிட்டு இருந்தா நடுவருங்க தீர்ப்பு. ஆரு எச்சா ஒடைச்சது, ஆரு எச்சாப் பாஞ்சது, ஆரு ஆட்டத்தக் கையில வெச்சிருந்ததுன்னு பாப்பாங்க. எதுக்கு எத்தன மார்க்குன்னு விதிப்புஸ்தகத்துல போட்டிருக்கும். படிச்சிருக்க மாட்டே, எங்கிட்டக் குடு, நான் படிச்சுச் சொல்றேன். ஒடைச்சதுக்கு எச்சா மார்க்குன்னா ஃபிளிப்பருக்குத்தான் கஷ்டம். பத்துத் தடவ தூக்கிப் போட்டாலும் உன்ற மேல கீறல்தான் விழுந்திருக்கும். நீ அவன்ற சக்கரத்த ஒரு தடவ பிச்சிருந்தாத் தட்டு உன்ற பக்கம் சாயும். அதனால கடைசி அரை நிமிசத்துல வீரம் காட்டப் போகாத. முன்னால இருந்தா ஓடு, பின்னால இருந்தா மட்டும் பாயி. சண்டைக்காரனுக்கு இது கேவலம்னு உங்கொப்பன் சொல்லுவாரு. மாப்பிள்ள நெம்ப மானஸ்தரு, அதான் இன்னும் வாடகை ஊட்டுல இருக்கறாரு.

பிரேசில்ல மெஜியோலாரோங்கற வாத்தியாரு 2006-ல சண்டை ரோபோ கட்டறதுக்குன்னே பெரிய கையேடு எழுதிச் சும்மாவே உட்டிருக்கறாரு. எந்த இரும்பு வளையும், எந்த ஆணி தெறிக்கும், எல்லாம் அதுல இருக்குதாமா. நீ ஸ்டிக்கரு தேடுன நேரத்துல நாலு பக்கம் புரட்டியிருக்கலாம். போனாப் போகுது, இன்னைக்கி ராத்திரி புரட்டு.

நாளைக்குக் காலையில அவனுக எடத்துக்கு ஒரு நடை போ. ஸ்பேனர் இரவல் கேக்கறாப்பல போ. கை ஸ்பேனர வாங்கட்டும், கண்ணு டேங்க்கு மேல இருக்கட்டும். எத்தன லிட்டரு, கேஜு எத்தன காட்டுது, தகடு எறங்க எத்தன நேரம் எடுக்குது, எல்லாம் பாத்துட்டு வா. வாங்குன ஸ்பேனரத் திருப்பிக் குடுத்துரு, அதுக்காக ஒரு தடவ, கேஜ இன்னொருக்காப் பாக்கறதுக்காக இன்னொரு தடவ.

ஜெயிச்சா சந்தோசம். தோத்தாலும் மூஞ்சியத் தொங்கப் போடாம கை குடு, அவனுக ரோபோவ மல்லாத்தி அடியில எப்படி ஜோடிச்சிருக்கறானுகன்னு போட்டோ எடுத்துட்டு வா. வால்வு எங்க, சிலிண்டரு எங்க, கீலு முன்னால போட்டிருக்கறானா பின்னால போட்டிருக்கறானான்னு தெளிவாத் தெரியோணும். அது எதுக்குன்னு கேக்கறயா? பட்டறையில என்ற பழைய கம்ப்ரசரு சும்மாதான் கெடக்குது. அடுத்த வருசம் நாமளே ஒரு ஃபிளிப்பரு கட்டிப்போடலாம்னு பாக்கறேன். உங்கொப்பங்கிட்ட மட்டும் மூச்சு உட்டுறாத.